வளரும் உயிருக்குக் கொழுப்பு எதற்கு?

(குறுவள மையக் கூட்டத்தில் தொடக்க, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களிடையே அறிவியல் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அறிவியலில் கடினமான பகுதி ஒன்றை எடுத்துப் பேசும்படி என்னிடம் கேட்டார்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பது ‘உணவு’ பாடம். அதில் என்ன கடினம் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படி நினைத்துத்தான் அதைத் தவறாக நடத்தினேன்.

சென்ற கல்வியாண்டில் ஆறாம் வகுப்பில் இந்தப் பாடம். கரும்பலகையில் மூன்று கட்டங்கள் வரைந்தேன். கார்போஹைட்ரேட்டும் கொழுப்பும் ஆற்றல் தருபவை. புரதம் வளர்ச்சி தருவது. வைட்டமினும் தாது உப்பும் பாதுகாப்பவை. நாம் எல்லோரும் வரைகிற கட்டங்கள்தாம். அதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்கு அந்த மாதம்தான் இரத்தப் பரிசோதனையில் கொலஸ்ட்ரால் கூடுதல் என்று வந்திருந்தது. அந்த நினைப்பில், “எண்ணெய், நெய் எல்லாம் உடம்புக்குக் கெடுதல். வீட்டில் சொல்லிக் குறைக்கச் சொல்லுங்கள்” என்று சொல்லிவிட்டேன்.

பத்து நாள் கழித்து அந்த வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா பள்ளிக்கு வந்தார். இடுப்பில் ஒன்றரை வயதுப் பையன். “சார், இவனுக்கு எடை ஏறலைன்னு அங்கன்வாடி டீச்சர் சொல்றாங்க. பருப்புச் சாதத்துல ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டுப் பிசைஞ்சு குடுங்கன்னாங்க. இவ அக்கா விட மாட்டேங்குறா. எண்ணெய் கெடுதல்னு சார் சொன்னாருன்னு பாட்டிலை எடுத்து மேல வெச்சுடறா. நான் யார் பேச்சைக் கேக்கறது?”

அங்கன்வாடி டீச்சர் சொல்வதையே கேளுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். ஆனால் ஏன் என்று அவருக்கு விளக்க என்னால் முடியவில்லை. வளர்ச்சிக்குப் புரதம் என்று நானே எழுதிப் போட்டிருக்கிறேன். பருப்பில் புரதம் இருக்கிறது. அப்புறம் எண்ணெய் எதற்கு? அன்று மாலை தொடங்கிய படிப்பைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

பாலில் இருந்து தொடங்குவோம்

பாலூட்டியின் குட்டி பிறந்தவுடன் உண்பது பால் ஒன்றுதான். வளர்ச்சிக்குப் புரதம் மட்டும் போதுமென்றால் பாலில் கொழுப்பு இருக்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் பசும்பாலில் ஏறத்தாழ 4 விழுக்காடு கொழுப்பு. எருமைப்பாலில் 7 விழுக்காடு அளவில். தாய்ப்பாலில் 100 மில்லி லிட்டருக்குப் புரதம் சுமார் 1 கிராம்தான்; கொழுப்போ சுமார் 4 கிராம். தாய்ப்பால் தரும் ஆற்றலில் பாதியளவு கொழுப்பிலிருந்தே வருகிறது. மனித வாழ்நாளில் மிக வேகமான வளர்ச்சி முதல் ஆறு மாதங்களில் நடக்கிறது. அந்தக் காலத்து உணவே இப்படித்தான் அமைந்திருக்கிறது.

வட அட்லாண்டிக் பனிப்பரப்பில் ஹூடெட் சீல் என்ற கடல்நாய் இருக்கிறது. அதன் குட்டி நான்கே நாள்தான் பால் குடிக்கும். அதற்குள் அதன் எடை ஏறத்தாழ இரு மடங்காகிவிடும். அந்தப் பாலில் பாதிக்கு மேல் கொழுப்பு. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் குட்டிக்குக் கூடும் எடையில் பெரும்பகுதி குளிரைத் தாங்கும் கொழுப்புப் படலம். எடை கூடுவது வேறு, தசையும் எலும்பும் வளர்வது வேறு. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

குன்னூர் எலிகளும் ஒரு எச்சரிக்கையும்

இந்தக் கேள்விக்கு நம் மாநிலத்திலேயே ஒரு பழைய ஆய்வு இருக்கிறது. 1918இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில் இராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய சிறிய ஆய்வுப் பிரிவுதான், 1958இல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. குன்னூரில் மெக்காரிசன் ஒரே வயதுடைய இளம் எலிகளைக் குழுக்களாகப் பிரித்து, இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்கள் உண்ணும் உணவை ஒவ்வொரு குழுவுக்கும் கொடுத்து வளர்த்தார். சீக்கியர் உணவு உண்ட எலிகளின் சராசரி எடை 235 கிராம் வரை வந்தது. அன்றைய சென்னை மாகாணத்து அரிசி உணவை உண்டவை 155 கிராம் அளவில் நின்றன.

சீக்கியர் உணவில் வெண்ணெயும் பாலும் உண்டு. அப்படியானால் கொழுப்புதான் காரணம் என்று சொல்லிவிடலாமா? கூடாது. கோதுமை ரொட்டி, பால், பயறு, பச்சைக் காய்கறி என்று அந்தத் தட்டில் எல்லாமே வேறு. பல காரணிகள் ஒரே நேரத்தில் மாறினால் எந்தக் காரணி வேலை செய்தது என்று சொல்ல முடியாது. எட்டாம் வகுப்புக்கு மேல் நடத்துபவர்கள், மாறும் காரணி, மாறாக் காரணி என்பதை விளக்க இந்த ஆய்வை எடுத்துக்கொள்ளலாம். எலிகள் வளராததற்கு விடை வேண்டுமானால் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். அப்படி மாற்றிய இரண்டு ஆய்வுகள் அமெரிக்காவில் நடந்தன.

ஒன்றை மட்டும் மாற்றியவர்கள்

முதலாவது 1913. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் எல்மர் மெக்கொல்லம், மார்கரீட் டேவிஸ் இருவரும் இளம் எலிகளுக்குத் தூய்மையாக்கிய புரதம், மாவுப்பொருள், தாது உப்பு ஆகியவற்றோடு கொழுப்பும் சேர்த்துக் கொடுத்தார்கள். கொழுப்பின் வகையை மட்டும் மாற்றினார்கள். பன்றிக் கொழுப்போ ஆலிவ் எண்ணெயோ பெற்ற எலிகள் சில வாரங்கள் வளர்ந்து, பிறகு அப்படியே நின்றுவிட்டன. வெண்ணெயிலிருந்தோ முட்டை மஞ்சள் கருவிலிருந்தோ பிரித்த கொழுப்பைச் சேர்த்ததும் மீண்டும் வளரத் தொடங்கின. புரதத்தின் அளவு மாறவில்லை. மாறியது கொழுப்பில் கரைந்து வந்த ஒரு பொருள். அதைத்தான் இன்று வைட்டமின் ‘ஏ’ என்கிறோம். டேவிஸ் பல ஆண்டுகள் ஊதியம் இல்லாமல் அந்த எலிகளைப் பராமரித்தவர் என்பதையும் மாணவர்களிடம் சொல்லுங்கள், குறிப்பாக மாணவிகளிடம்.

இரண்டாவது 1929. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் என்ற தம்பதியர். உடலால் சர்க்கரையிலிருந்தே கொழுப்பைத் தயாரிக்க முடியும். ஆகவே உணவில் கொழுப்பு இல்லாவிட்டாலும் குறையில்லை என்பதே அப்போது பலரின் எண்ணம். இவர்கள் இளம் எலிகளுக்குக் கொழுப்பை அறவே நீக்கிய உணவைக் கொடுத்தார்கள். புரதம், சர்க்கரை, தாது உப்பு, அப்போது தெரிந்திருந்த வைட்டமின்கள் எல்லாம் கொடுத்தார்கள். எலிகளின் வாலில் தோல் செதில் செதிலாக உரிந்தது. வளர்ச்சி நின்றது. சிறுநீரகம் கெட்டது. உணவில் சிறிதளவு கொழுப்பைச் சேர்த்ததும் எலிகள் தேறின. அந்தக் கொழுப்பில் வேலை செய்தது லினோலெயிக் அமிலம் என்று 1930இல் அவர்கள் காட்டினார்கள். ‘இன்றியமையாக் கொழுப்பு அமிலம்’ என்ற கருத்து அங்கே பிறந்தது.

இதன் காரணத்தை நம் செல் பாடத்தோடு இணைக்கலாம். ஒவ்வொரு செல்லுக்கும் சவ்வு உண்டு. அந்தச் சவ்வின் அடிப்படைப் பொருளே கொழுப்பு அமிலங்கள் கோத்த பாஸ்போலிப்பிடு. ஒரு செல் இரண்டாகப் பிரிந்தால் சவ்வும் இரு மடங்கு வேண்டும். லினோலெயிக் அமிலத்தை நம் உடலால் தயாரிக்க முடியாது. உணவில்தான் வர வேண்டும். நல்லெண்ணெய், கடலை எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் ஆகியவற்றில் அது நிறைய உண்டு. தேங்காய் எண்ணெயில் மிகக் குறைவு.

ஆக, கொழுப்பு ஆற்றல் கட்டத்தில் மட்டும் அடங்குவதல்ல. அது கட்டுமானப் பொருள். வைட்டமின் ஏ, டி, ஈ, கே நான்கையும் கரைத்து எடுத்துச்செல்லும் வாகனம். சத்துணவில் கீரை போட்டாலும் அதில் சிறிது எண்ணெய் சேர்ந்தால்தான் அதிலுள்ள கரோட்டின் உடலில் நன்றாகச் சேரும்.

தேக்குப் பலகையை அடுப்பில் வைப்பது

இப்போது புரத உற்பத்திக்கு வருவோம். பருப்பில் உள்ள புரதம் அப்படியே குழந்தையின் தசையாகிவிடுவதில்லை. குடலில் அமினோ அமிலங்களாக உடைகிறது; இரத்தத்தில் சேர்கிறது; செல்லுக்குள் ரைபோசோமில் மீண்டும் சங்கிலியாகக் கோக்கப்படுகிறது. கோப்பதற்குக் கூலி உண்டு. ஓர் அமினோ அமிலத்தைத் தயார் செய்து கடத்து ஆர்.என்.ஏ.யில் ஏற்ற இரண்டு, சங்கிலியில் சேர்க்க இரண்டு என்று, ஒவ்வொரு கண்ணிக்கும் குறைந்தது 4 உயர் ஆற்றல் பாஸ்பேட் பிணைப்புகள் செலவாகின்றன. 300 அமினோ அமிலம் கொண்ட ஒரு புரத மூலக்கூறுக்கு ஏறத்தாழ 1200. வளரும் உடலில் இது இரவும் பகலும் நடக்கிறது.

குழந்தை உண்ட உணவில் மொத்த ஆற்றலே குறைவு என்று வைத்துக்கொள்வோம். இதயம் துடிக்க வேண்டும், மூளை இயங்க வேண்டும், உடல் சூடு குறையக் கூடாது. உடலுக்கு அதுதான் முதல் வேலை. அந்த நேரத்தில் கிடைத்த அமினோ அமிலத்தை உடல் எரிபொருளாக்கிவிடுகிறது. அதிலுள்ள நைட்ரஜன் யூரியாவாகிச் சிறுநீரில் போய்விடுகிறது. கதவு செய்ய வாங்கி வைத்த தேக்குப் பலகையை, விறகு இல்லை என்று அடுப்பில் வைப்பது போன்றது இது. சோறும் வெந்துவிடும், கதவு மட்டும் வராது. போதிய விறகு இருந்தால் பலகை தச்சரிடம் போகும். உணவில் போதிய ஆற்றல் இருக்கும்போது புரதம் எரியாமல் மிஞ்சி வளர்ச்சிக்குப் போவதைத்தான் ‘புரதச் சேமிப்பு’ என்கிறார்கள்.

விறகு என்றால் அரிசியும்தானே விறகு? ஆம். கார்போஹைட்ரேட்டும் புரதத்தைச் சேமிக்கிறது. இன்னும் சொல்லப்போனால், மூளைக்கு வேண்டிய குளுக்கோஸைக் கொழுப்பு அமிலத்திலிருந்து நம் உடலால் தயாரிக்க முடியாது. கார்போஹைட்ரேட் அறவே இல்லாமல் கொழுப்பு மட்டும் கொடுத்தால் அந்தக் குளுக்கோஸுக்காகவும் புரதம்தான் உடையும். எனவே சோற்றுக்குப் பதிலாக எண்ணெய் என்பது என் கருத்தல்ல. சோற்றோடு எண்ணெய்.

ஏன் சோற்றையே கூடுதலாகக் கொடுக்கக் கூடாது? இங்கேதான் வயிற்றின் அளவு வருகிறது. சிறு குழந்தையின் இரைப்பை ஒரு கிலோ எடைக்குச் சுமார் 30 மில்லி லிட்டர் கொள்ளும் என்பது கணக்கு. 8 கிலோ குழந்தைக்கு 240 மில்லி லிட்டர். ஒரு டம்ளர் அளவு. சோறு வேகும்போது நிறைய நீரை இழுத்துக்கொள்கிறது. 100 கிராம் சோற்றில் சுமார் 130 கிலோ கலோரிதான். குழைய வேகவைத்துக் கரைத்தால் இன்னும் குறையும். ஒரு தேக்கரண்டி எண்ணெய் 5 கிராம். கிராமுக்கு 9 வீதம் 45 கிலோ கலோரி. அதே ஆற்றலைச் சோற்றில் பெற வேண்டுமானால் ஏறத்தாழ 35 கிராம் கூடுதலாக உண்ண வேண்டும். பெரியவர்களுக்கு அது ஒரு கவளம். வயிறு நிறைந்து முகத்தைத் திருப்பிக்கொள்கிற குழந்தைக்கு அது முடியாத காரியம். அங்கன்வாடி டீச்சர் சொன்ன ஒரு ஸ்பூன், வயிற்றில் இடம் கேட்காத விறகு.

சேலத்துக்காரர் செய்த ஆய்வு

எலியில் நடப்பது குழந்தையிலும் நடக்குமா? இதற்கு நம் நாட்டிலேயே விடை தேடியவர் டாக்டர் சி. கோபாலன். 1918இல் சேலத்தில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, குன்னூர் ஆய்வகத்தில் பணியாற்றி, பின்னர் ஹைதராபாத் நிறுவனத்தின் இயக்குநரானவர். ஏழை நாட்டுக் குழந்தைகள் வளராததற்குப் புரதக் குறைவே காரணம். புரத மாவு கொடுத்தால் தீரும் என்று அன்றைக்கு உலகம் முழுவதும் பேசினார்கள். நம் குழந்தைகளின் உணவில் முதலில் குறைவது மொத்த உணவும் ஆற்றலும்தான் என்பது கோபாலனின் வாதம்.

அவரும் சக ஆய்வாளர்களும் ஹைதராபாத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் 1 முதல் 5 வயது வரையிலான குழந்தைகளுக்கு 14 மாதங்கள் ஒரு தின்பண்டம் கொடுத்தார்கள். கோதுமை மாவு, சர்க்கரை, 10 கிராம் சமையல் எண்ணெய். ஒரு நாள் பங்கில் 310 கிலோ கலோரி. புரதம் வெறும் 3 கிராம். அதைப் பெறாத குழந்தைகளோடு ஒப்பிட்டால், பெற்ற குழந்தைகளின் உயரமும் எடையும் தெளிவாகக் கூடியிருந்தன. 1973இல் இது வெளியானது. வீட்டில் உண்ட பருப்பும் தானியமும் தந்த புரதம் முன்பும் இருந்தது. அது எரிந்துகொண்டிருந்தது. விறகு வந்ததும் அது தன் வேலைக்குத் திரும்பியது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். 310 கிலோ கலோரியில் எண்ணெயின் பங்கு 90. எல்லாப் பெருமையையும் எண்ணெய்க்குக் கொடுக்க முடியாது. ஆனால் அந்தச் சிறு பண்டத்துக்குள் அத்தனை ஆற்றலை அடக்க உதவியது அதுதான்.

கடுமையான மெலிவு நோயுள்ள குழந்தைகளுக்கு இன்று உலகெங்கும் கொடுக்கப்படும் நிலக்கடலைப் பசை உணவிலும் இதே கணக்குதான். அதன் ஆற்றலில் 45 முதல் 60 விழுக்காடு கொழுப்பிலிருந்தும், 10 முதல் 12 விழுக்காடு புரதத்திலிருந்தும் வர வேண்டும் என்பது விதி.

மறுபக்கம்

இதைக் கேட்டுவிட்டு யாரும் வகுப்பில் போய், “எண்ணெய் நிறையச் சாப்பிடுங்கள்” என்று சொல்லிவிடாதீர்கள். நான் செய்த தவற்றின் மறுபக்கம் அது.

இளம் விலங்குகள் பெரும்பாலும் ஆற்றல் தேவை நிறையும் வரை உண்டு, பின் நிறுத்திக்கொள்கின்றன. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 கிராமில் 360 கிலோ கலோரியும் 18 கிராம் புரதமும் உள்ள தீவனம் ஒன்று. அதில் மாவுப்பொருளுக்குப் பதிலாக எண்ணெயைக் கலந்து ஆற்றலை 450 ஆக்குகிறோம். புரதம் 18 கிராமாகவே இருக்கிறது. இப்போது அந்த விலங்கு 80 கிராம் உண்டதுமே அதே 360 கிலோ கலோரி கிடைத்துவிடுகிறது. உள்ளே போன புரதமோ 18 அல்ல, 14.4 கிராம். தீவனம் தயாரிப்பவர்கள் கொழுப்பைக் கூட்டினால் புரதத்தையும் சேர்த்துக் கூட்டுவது இதனால்தான். இல்லாவிட்டால் கொழுப்புதான் சேரும், தசை வளராது. கடல்நாய்க் குட்டியிடம் பார்த்த வேறுபாட்டை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்.

இடைவேளையில் பொட்டலச் சிப்ஸ் தின்றுவிட்டு மதிய உணவை மிச்சம் வைக்கும் மாணவனின் கணக்கும் இதேதான். ஆற்றல் கிடைத்துவிட்டது; பசி போய்விட்டது; பருப்பும் முட்டையும் தட்டில் கிடக்கின்றன. ஆகவே எண்ணெய் நல்லதா கெட்டதா என்பது சரியான கேள்வியே அல்ல. யாருக்கு, எந்த வயதில், எதோடு சேர்த்து, எவ்வளவு என்று கேட்க வேண்டும். நாற்பதைத் தாண்டிய எனக்கு மருத்துவர் சொன்னதை, வளரும் பிள்ளைகள் நாற்பது பேருக்கு நான் பாடமாக நடத்தினேன். தவறு அங்கேதான்.

வகுப்பில் என்ன செய்யலாம்?

முதலாவது, மூன்று கட்டங்களை அழிக்க வேண்டாம். கட்டங்களுக்கு இடையே அம்புக்குறி போடுங்கள். கொழுப்பிலிருந்து புரதத்துக்கு ஓர் அம்பு: ‘எரியாமல் காக்கிறது.’ கொழுப்பிலிருந்து வைட்டமினுக்கு ஓர் அம்பு: ‘கரைத்து எடுத்துச்செல்கிறது.’ கொழுப்பிலிருந்து செல்லுக்கு ஓர் அம்பு: ‘சவ்வாகிறது.’ கட்டம் மனப்பாடத்துக்கு, அம்பு புரிதலுக்கு.

இரண்டாவது, தாளில் தேய்க்கும் சோதனை. தேங்காய், வேர்க்கடலை, எள், அரிசி, பருப்பு ஆகியவற்றை நசுக்கித் தாளில் தேய்க்கச் சொல்லுங்கள். ஒளி ஊடுருவும் கறை எதில் வருகிறது என்று மாணவர்களே பார்க்கட்டும். கொழுப்பு பாட்டிலில் மட்டும் இல்லை, கடலை மிட்டாயிலும் எள்ளுருண்டையிலும் இருக்கிறது என்பதும், அவற்றில் புரதமும் சேர்ந்தே வருகிறது என்பதும் அப்போது தானாக விளங்கும்.

மூன்றாவது, சத்துணவு. தொடக்கப்பள்ளிக் குழந்தை ஒருவருக்கு 450 கிலோ கலோரியும் 12 கிராம் புரதமும் என்பது தேசிய அளவில் வகுத்த நெறி. அதில் எண்ணெயின் பங்கு 5 கிராம். நடுநிலை வகுப்புகளுக்கு 7.5 கிராம். உணவைச் சுவை பார்க்கும் முறை நமக்கு வரும்போது உப்பு, காரம் மட்டும் பார்க்கிறோம். எண்ணெயும் கணக்கில் உள்ள பொருள்தான் என்பதை மனதில் வைத்துப் பார்ப்போம்.

நான்காவது, வீட்டுக்குப் போகும் செய்தி. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் உணவில் கொழுப்பைக் குறைக்கச் சொல்லி நம் வாயிலிருந்து ஒரு சொல்லும் போகக் கூடாது. நாம் வகுப்பில் நாற்பது பேரிடம் சொல்வது நாற்பது அடுப்படிகளுக்குப் போகிறது. அங்கே நம் சொல்லுக்கு, நாம் நினைப்பதைவிட அதிக மதிப்பு இருக்கிறது.

மறுவாரம் அந்த அம்மாவை மீண்டும் வரச் சொன்னேன். மாணவியையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, தேக்குப் பலகைக் கதையைச் சொன்னேன். “நான் சொன்னதில் தப்பு இருக்கிறதும்மா. அது என்னைப் போன்ற வயசானவங்களுக்கு. உன் தம்பிக்கு இல்லை” என்றேன். அவள் சற்று நேரம் யோசித்தாள். “அப்போ நோட்டுல எழுதினதை அடிச்சுடவா சார்?” என்று கேட்டாள். அடிக்க வேண்டாம், பக்கத்தில் அம்புக்குறி போடு என்றேன்.

அந்தப் பையனின் எடையை மாதந்தோறும் குறிப்பது அங்கன்வாடி டீச்சரின் வேலை. அதை அவர் ஒழுங்காகச் செய்கிறார். எண்ணெய் பாட்டில் மேல் தட்டிலிருந்து கீழே இறங்கிவிட்டது என்பது மட்டும் எனக்குத் தெரியும். அதை மேலே ஏற்றியவன் நான் என்பதால், அந்தச் செய்தியே எனக்குப் பெரிய நிம்மதி.